அடித்தகட்டின் ஆயுள்: பழைய டிரெய்லர்களும் கறுப்புப் பூச்சும்

அறுவடைக் காலத்தில் காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் பெருநகரைக் கடந்து போகிறவர்கள் ஏதாவது ஒரு டிரெய்லருக்குப் பின்னால்தான் ஊர்ந்தாக வேண்டும். நெல் மூட்டை, வைக்கோல், கரும்பு, தொழுவுரம், ஏரி வண்டல், செங்கல், ஜல்லி என்று அதில் ஏறாத சரக்கு இல்லை. நாற்றுக்கட்டு சொட்டச் சொட்டப் போவதும் அதில்தான். பாரத்தைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், பின்கதவில் எழுதியிருக்கும் சாமி பெயரையும் பார்க்கிறோம். அடித்தகட்டை யாரும் பார்ப்பதில்லை. பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான், முதலில் போவதும் அதுதான்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒருநாள் பழைய டிரெய்லர் ஒன்றைச் சங்கிலி கட்டிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அடி முழுக்கக் கறுகறுவென்று தார்ப்பூச்சு. விரல் நகக் கனம் இருக்கும். எங்கும் ஒரு விரிசல்கூட இல்லை. பட்டறைக்காரர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். ‘டங், டங்’ என்று வந்த ஒலி, அடிச்சட்டமான சி சேனல் தகட்டைத் தொடும் இடத்தில் ‘தப்’ என்று இறங்கியது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையை வைத்து அழுத்தினார். கை பலமே போதுமானதாக இருந்தது, முனை உள்ளே போய்விட்டது. நெம்பியபோது கருவாட்டுத் தோல் உரிவதுபோலத் தார் உரிந்து வந்தது. அதன் உட்புறத்தில் அப்பளத்தை அடுக்கி வைத்ததுபோல் பழுப்புத் துரு, அடுக்கடுக்காக, கைபட்டால் ஈரம். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. வண்டிக்காரர் அதை வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. “அடியெல்லாம் புதுசா கோட்டிங் அடிச்சிருக்குன்னு சொல்லித்தான் குடுத்தாங்க” என்றார்.

பழைய டிரெய்லரின் அடியில் காப்புப் பூச்சு அடிக்கலாமா, அடித்தால் எதை அடிப்பது, அந்தப் பூச்சு இரும்பைக் காக்கிறதா அல்லது மறைக்கிறதா என்ற கேள்விகளை அன்றிலிருந்து தொடர்ந்து விசாரித்து வருகிறேன். பட்டறைகளில் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. தார் என்பார் ஒருவர், வேஸ்ட் ஆயில் என்பார் இன்னொருவர், ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு போதும் என்பார் மூன்றாமவர். மூவரும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள். ஆனால் இரும்பைத் தின்பது எது என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டால்தான் எதைப் பூசுவது என்பதற்கு விடை கிடைக்கும்.

ராணுவம் கற்ற பாடம்

நம் ஊர் டிரெய்லரின் அமைப்பு எளியது. ஒரு பெட்டி, ஓர் அச்சு, முன்னால் ஒரு கொக்கி. இதே அமைப்பைப் பெரும் எண்ணிக்கையில் செய்து, சேற்றிலும் கடலிலும் இழுத்து அடித்துச் சோதித்தது இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், பேண்டம் நிறுவனங்கள் 1942 முதல் ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் கால் டன் டிரெய்லர்களைச் செய்தன. போர் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவை வெளிவந்தன. ஆற்றைக் கடக்கும்போது மிதக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியில் நீர் புகாதபடி மூட்டுகளை அடைத்திருந்தார்கள். ஆனால் வெளியிலிருந்து நீர் புகாத பெட்டிக்குள் மழை பெய்தால் அந்த நீர் வெளியேறவும் முடியாது. அதற்காக அடித்தளத்திலேயே திருகித் திறக்கும் வடிகால் மூடிகளை வைத்தார்கள். வண்டி நிற்கும்போது மூடியைத் திற, ஆற்றில் இறங்கும் முன் மூடு என்பதே விதி.

அந்த டிரெய்லர்கள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவற்றில் பிழைத்தவை எவை, மக்கிப் போனவை எவை என்று பார்த்தால் காரணம் எளிதில் புலப்படும். மூடி தொலைந்து துளை திறந்தே கிடந்தவை பெரும்பாலும் பிழைத்தன. மூடி இறுகித் துருப்பிடித்து, பெட்டிக்குள் இலைதழை மக்கி, நீர் தேங்கிய வண்டிகளின் அடித்தளம் சல்லடையாகிவிட்டது. பிற்காலத்தில் யாரோ அடியில் கனமாகத் தார் அடித்து வைத்த வண்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் அஞ்சுகிறார்கள். அதைச் சுரண்டும் வரை உள்ளே இரும்பு இருக்கிறதா என்பதே தெரியாது.

அடியில் பூசுவது தனித் தொழிலானது போருக்குப் பிறகு. குளிர் நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டினார்கள், அந்த உப்பு கார்களைத் தின்றது. 1950களில் கார்களின் அடியில் கனத்த பிட்டுமென் பூச்சு அடிப்பது பரவலாயிற்று. ஆனால் துரு அந்தப் பூச்சுக்கு எட்டாத இடங்களில், மடிப்புக்குள்ளும் குழல்போன்ற பகுதிகளின் உட்புறத்திலும் தொடங்கியது. டெட்ராய்ட் நகரில் கர்ட் ஸீபார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1959இல் தொடங்கிய முறை இந்த இடத்தைக் குறிவைத்தது. சட்டத்தில் சிறு துளைகள் போட்டு, மெழுகு கலந்த சரக்கை உட்குழிவுக்குள் பீய்ச்சினார். வெளியில் கனமாகப் பூசுவதைவிட உள்ளே மெல்லியதாகப் படரவிடுவது மேல் என்ற எண்ணம் அப்போது புதியது. அது இன்றும் சரியானது.

நம் நாட்டில் போர்க்காலத்தில் ஆவடி ராணுவத்தின் பெரிய கிடங்குகளில் ஒன்றாக இருந்தது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு அந்த ஊரின் பெயரே ராணுவ வாகனத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் தமிழகப் பட்டறைகளில் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். இன்றும் ராணுவம் கழித்துவிடும் வண்டிகள், 1964இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. வழியாக ஏலத்தில் போகின்றன. அப்படி வாங்கப்படும் பழைய டிரெய்லரின் கனத்த பச்சைப் பெயிண்ட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைத் தட்டிப் பார்த்த பிறகு கொடுப்பது நல்லது. ராணுவத்தில் வண்டி பிழைப்பது பெயிண்ட்டால் அல்ல, குறித்த நாளில் குறித்த ஆள் கழுவி, குனிந்து பார்த்து, கிரீஸ் வைத்து எழுதிவைப்பதால். ஏலத்தில் வண்டி வரும், அந்த ஆள் வரமாட்டார்.

காற்று தின்னவில்லை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின் மேல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் பொழுதுகளே குறைவு.

ஆனாலும் காற்று மட்டும் இரும்பை எவ்வளவு தின்னும்? உலகத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற அளவுகோல் வெளிச்சூழலைப் பல வகுப்புகளாகப் பிரிக்கிறது. நடுத்தரமான சி3 வகுப்பில் பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை கரையும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். பெருநகருக்கு வங்கக் கடல் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கடல் உப்பு அவ்வளவாக எட்டாது. ஆகவே நம் பகுதியை சி3க்கு மேலே வைக்கக் காரணம் இல்லை. அதிலும் மேல் எல்லையையே, ஆண்டுக்கு 50 மைக்ரானையே எடுத்துக்கொள்வோம். 3 மி.மீ. தகடு ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் இழக்க இருபது ஆண்டுகள் ஆகும். பெயிண்ட்டே அடிக்காமல் வெயிலிலும் மழையிலும் போட்டால்கூட அப்படித்தான்.

அப்படியானால் ஏழெட்டு வருடத்தில் அடித்தகடு ஓட்டையாவது எப்படி? ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்த்தால் விடை தெரியும். தகட்டின் நடுவில், காற்றோட்டமாகக் கிடக்கும் இடத்தில் ஓட்டை விழுவது அபூர்வம். தகடு சி சேனல்மேல் உட்காரும் கோட்டில் விழும். பின்கதவுக் கீலின் அடியில், மூலையில் வண்டல் அடைந்த இடத்தில், யூ போல்ட்டைச் சுற்றி, மட்கார்டு பட்டியின் மேல்விளிம்பில் விழும். எல்லாமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள். பட்டறையில் தகட்டைச் சேனலோடு சேர்க்கும்போது நீளவாக்கில் முழுக்க வெல்டிங் வைப்பதில்லை. அரை அடிக்கு ஒரு டாக், அதாவது சிறு வெல்டிங் பொட்டு, வைத்துவிட்டுப் போவார்கள். தகடு நெளியாமல் இருக்க அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் இரண்டு டாக்குக்கு நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி நின்றுவிடுகிறது. மழைநீர் அந்த இடைவெளிக்குள் இழுபட்டு ஏறும், வெயில் அடித்தாலும் வெளியே வராது.

அந்த நீரும் வெறும் நீர் அல்ல. நவரைக்கும் சொர்ணவாரிக்கும் சம்பாவுக்கும் உரம் ஏற்றிய பெட்டி அது. பொட்டாஷ் மூட்டை ஒன்று கிழிந்து சிந்தினால், அதன் எடையில் பாதிக்கு நெருக்கமாக இருப்பது குளோரைடு. சாப்பாட்டு உப்பு இரும்பை அரிப்பது எந்தப் பொருளாலோ அதே பொருள். உரங்கள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளும், எனவே மழை இல்லாத நாளிலும் இடுக்கு காயாது. தொழுவுரத்திலும் மாட்டுச் சிறுநீரிலும் உப்பு உண்டு. கரும்பு ஏற்றினால் சாறு கசியும், புளிக்கும். படாளம், செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நோக்கிப் போகும் வண்டிகளின் மூலைகளில் அந்தக் கறையைப் பார்க்கலாம். கடல் எட்டாத ஊரில், கடலை நாமே மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குகிறோம்.

துரு என்பது இரும்பின் இழப்பு மட்டும் அல்ல, அது ஊதும். தான் பிறந்த இரும்பைவிடப் பலமடங்கு இடம் அதற்கு வேண்டும். இடுக்குக்குள் பிறந்த துரு, சேனலிலிருந்து தகட்டை நெம்பித் தூக்கும். டாக் தெறிக்கும், இடைவெளி பெரிதாகும், இன்னும் நீர் ஏறும். பட்டறையில் நான் பார்த்த அப்பள அடுக்கு இப்படி வளர்ந்ததுதான்.

பூச்சுகளை எடைபோட்டால்

நம் பக்கம் அதிகம் அடிப்பது தார். ஒரே சொல்லால் இரண்டு பொருளைக் குறிக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாலைக்குப் போடுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமென். நிலக்கரியிலிருந்து வரும் தார் வேறு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, கையால் தொட்டுப் பூசவே கூடாதது. பிட்டுமென்னும் அதிலிருந்து செய்யும் ‘பிளாக் ஜப்பான்’ வகைப் பெயிண்ட்டுகளும் நீரை நன்றாகத் தடுக்கும், விலையும் குறைவு. புதிய, சுத்தமான, முழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் மெல்லிய படலமாக அடித்தால் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் கனமாக அடிப்பதில் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் இளகி, மார்கழிக் குளிரில் இறுகி, சில ஆண்டுகளில் ஓரங்களில் விட்டுவிடும். சக்கரம் எறியும் ஜல்லி பட்டு எங்கோ ஒரு குண்டூசி முனையளவு உடையும். அதன் வழியே போன நீர், பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் படர்ந்து நின்றுவிடும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். பழைய துருவின் மேலேயே அடித்தால் இத்தனையும் முதல் மழையிலேயே நடக்கும்.

வேஸ்ட் ஆயிலை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. எண்ணெய் ஊர்ந்து இடுக்குக்குள் போகும், தார் போகாத இடத்துக்கும் போகும். வண்டி மையை அறிந்த தலைமுறையின் அறிவு இது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, மாட்டு வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். வழியில் அச்சு கிரீச்சிட்டால் அங்கேயே இறங்கி மை போடுவார்கள். அவர்கள் போட்டது விளக்கெண்ணெய். என்ஜினிலிருந்து வடித்த ஆயில் அப்படியல்ல. அதில் எரிபொருளின் அமில எச்சமும் தேய்ந்த உலோகத் துகளும் இருக்கின்றன. தோலில் தொடர்ந்து படுவது கேடு, ரப்பர் புஷ்களையும் அது ஊதவைக்கும். பயன்படுத்திய எண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. அதெல்லாம் போகட்டும் என்று வைத்தாலும், அடியில் பூசிய ஆயில் முதல் மழையில் எங்கே போகிறது? கழனியில் இறங்குகிறது, வண்டல் எடுக்கப் போன ஏரியில் இறங்குகிறது. டிரெய்லரைக் காக்க ஏரியில் எண்ணெய் கலப்பதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

ரெட் ஆக்சைடு பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தச் சிவப்பு நிறமே துருவைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வேதியியலில் துருவுக்கு நெருங்கிய உறவு. துருவைத் தடுப்பது அதோடு சேர்க்கும் துத்தநாகச் சேர்மம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2074 பேசுவது ரெட் ஆக்சைடோடு ஜிங்க் குரோம் சேர்ந்த பிரைமரைப் பற்றி. குரோமேட் நுரையீரலுக்குக் கேடு என்பதால், இன்று வாங்குவதானால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேட்டு வாங்குவது நல்லது. கடையில் டப்பா விலையைப் பார்த்து மலிவான வெறும் சிவப்பை வாங்குகிறவர்கள் நிறத்தைத்தான் வாங்குகிறார்கள். பிரைமர் தனியாக நின்றால் நீரைக் குடிக்கும், மேலே எனாமல் வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். சிவப்பு அடித்து, “அடிதானே, யார் பார்க்கப் போறா” என்று அப்படியே விட்டுவிட்ட டிரெய்லர்கள் எத்தனையோ.

‘ரஸ்ட் கன்வர்ட்டர்’ என்று பாட்டிலில் வருவதில் பல, டானின் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்தவை. துருவின்மேல் பூசினால் கறுத்து இறுகும். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாற்றின் மேல் இரும்புக் கரைசல் பட்டுக் கறுப்பு பிறப்பதும் இதே வேதியியல்தான். இரும்போடு டானின் சேர்ந்து கரையாத கறுப்பாகிறது. மெல்லிய, ஒட்டிக்கிடக்கும் துருவுக்கு இது நல்ல மருந்து. அடுக்கடுக்காக ஊதிய துருவில் மேல் அடுக்கு மட்டும் கறுக்கும், அடியில் பழைய வேலை தொடரும்.

மெழுகும் ஆட்டுரோமக் கொழுப்பும் சேர்ந்த மென்பூச்சுகள் தனி வகை. ஆட்டுரோமக் கொழுப்பால் ஆன ஃப்ளூயிட் ஃபிலிம் அமெரிக்காவில் 1943இல் பிறந்தது, அங்குள்ள கடற்படைக் கப்பல்களின் நீர்த்தொட்டிகளில் பயன்பட்டது. இவை காய்வதில்லை. கீறினால் தாமே ஊர்ந்து மூடிக்கொள்ளும், இடுக்குக்குள்ளும் போகும். எல்லாவற்றையும்விட, ஊடே இரும்பு தெரியும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த குணம் இந்தக் கடைசி ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார் என்பதால் நான் அதை நிறையாகவே எண்ணுகிறேன். காரின் கதவுக்குள் அடிக்கும் மெழுகு ஸ்ப்ரேக்கள் இப்போது பெரிய ஊர்களின் கார் கடைகளில் கிடைக்கின்றன. வெல்டிங் வைக்கும் முன் மட்டும் இவற்றைத் துடைத்தெடுக்க வேண்டும், தீப்பிடிக்கும்.

இத்தனைக்கும் மேலே நிற்பது கால்வனைசிங். உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிகளில் நிற்கும் ஹை டென்ஷன் டவர்களைப் பாருங்கள். சேற்றில் கால் ஊன்றி, பெயிண்ட் இல்லாமல், பல ஆண்டுகளாகச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு அது. 6 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்துக்கு சராசரி 85 மைக்ரான் துத்தநாகப் படலம் இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 1461 தரம். சி3 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 மைக்ரான் அளவில்தான் கரையும், அதாவது 40 ஆண்டுகள். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். தாருக்கோ பெயிண்ட்டுக்கோ இந்தக் குணம் இல்லை. பிரிட்டனில் ஆடுமாடு ஏற்றும் டிரெய்லர்கள் பெரும்பாலும் கால்வனைஸ் செய்த சட்டத்தோடுதான் வருகின்றன. நம் ஊரில் புது டிரெய்லர் செய்கிறவர்கள் சட்டத்தை மட்டுமாவது இப்படிச் செய்யலாம். சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் இதற்கான ஆலைகள் இருக்கின்றன. செலவு கூடும். ஆனால் மூன்று முறை அடித்தகடு மாற்றும் செலவோடு வைத்து அதைப் பார்க்க வேண்டும். ஈரமான உரம் துத்தநாகத்தையும் தின்னும் என்பதால் கழுவும் கடமை அப்போதும் தீராது.

பழைய டிரெய்லருக்கு இது ஒத்துவராது. துத்தநாகத்தில் முக்கும் முன் துருவெடுக்கக் கழுவும் அமிலம் இடுக்கில் புகுந்தால் வெளியே வராது, மூடிய குழல் தொட்டியில் வெடிக்கவும் செய்யும். கால்வனைஸ் செய்த தகட்டின்மேல் வெல்டிங் வைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவு காய்ச்சல் வரும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாலால் புகை முறியாது. வெல்டிங் கோட்டில் துத்தநாகத்தை முதலில் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமாக நின்று வேலை செய்யுங்கள்.

மறைக்கும் கறுப்பு

இத்தனைப் பூச்சுகளில் எது சிறந்தது என்ற கேள்விக்கு நான் கண்ட விடை, எதைப் பூசுகிறோம் என்பதைவிட எதன்மேல் பூசுகிறோம் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது. உலகெங்கும் பெயிண்ட் தோற்றுப்போகும் காரணங்களில் முதலிடம் மேற்பரப்பைச் சரியாகச் சுத்தம் செய்யாததற்குத்தான். ஆலையிலிருந்து வரும் புதுத் தகட்டின் நீலக்கறுப்புச் செதில்கூட எதிரிதான். அது உதிரும்போது பெயிண்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். சாண்ட் பிளாஸ்டிங் எல்லா ஊரிலும் கிடைக்காது. கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்து, மூலைகளை உப்புத்தாளால் உரசி, நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுவது எந்தப் பட்டறையிலும் முடியும். கழுவுவதைத்தான் விட்டுவிடுகிறோம். துருவின் குழிக்குள் இருக்கும் உப்பு பிரஷ்ஷுக்கு வராது, தண்ணீருக்கு மட்டுமே வரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீரோ குடிநீரோ எடுப்பது நல்லது.

பழைய டிரெய்லர் வாங்கி விற்கும் இடங்களில் கனத்த கறுப்புப் பூச்சுக்கு வேறொரு வேலை இருக்கிறது. அதை அடிப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றவே அடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், பலர் நல்லெண்ணத்தில்தான் அடிக்கிறார்கள். ஆனால் பலன் ஒன்றுதான். வாங்குகிறவரின் கண்ணுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு திரை விழுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கி டிரெய்லர் எடுக்கும் சிறு விவசாயிக்கு அது சிறிய நட்டம் அல்ல. ஆளோடு போகும் வண்டியில் அடித்தகடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நினைக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்கள் அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் போகிறார்கள்.

இன்னொரு கூட்டம் டிரெய்லர்களும் இருக்கின்றன, பேசுவார் இல்லாதவை. மணல் வழக்கில் பிடிபட்டு, புல் முளைத்த வளாகங்களில் வருடக்கணக்கில் நிற்பவை. பெட்டிக்குள் ஈரமணல் அப்படியே கிடக்கும், அடியில் புல்லின் ஈரம் ஏறும், டயர் இறங்கிச் சட்டமே தரையைத் தொடும். எந்தப் பூச்சும் அதைத் தாங்காது. பறிமுதல் வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் நிறுத்தி வைக்கக் கூடாது, தக்க பிணையம் பெற்று விரைவில் விடுவிக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்போது குற்றம் நிரூபணமானாலும் ஆகாவிட்டாலும் டிரெய்லர் மட்டும் தண்டனையை அனுபவித்து முடித்திருக்கும். குறைந்தபட்சம் மணலைக் கொட்டிவிட்டு, கல் வைத்துச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தச் செலவு எதுவும் இல்லை.

செய்யக்கூடியது

பல பட்டறைகளில் கேட்டதையும் படித்ததையும் சேர்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது. பழைய டிரெய்லரின் அடியில் கனத்த தார் இருந்தால், அதை நம்பாமல் இடுக்குகளில் மட்டுமாவது சுரண்டிப் பார்க்க வேண்டும். இறுக ஒட்டிக்கிடந்தால் விட்டுவிடலாம், தப்பென்று ஒலித்தால் முழுக்க எடுக்க வேண்டும். செத்த தகட்டை வெட்டி, புதுத் துண்டு வைக்கும்போது சேனலோடு சேரும் கோட்டை இடைவெளி இல்லாமல் வெல்டிங்காலோ சீலன்ட்டாலோ அடைக்க வேண்டும். வெறும் இரும்பில் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் வெளிர் நிற எனாமல். கறுப்பு வேண்டாம். வெளிர் நிறத்தில் துரு முதல் புள்ளியிலேயே தெரியும். ஆண்டுக்கொருமுறை புரட்டாசியில் இடுக்குகளுக்கு மட்டும் மெழுகு ஸ்ப்ரே. உரம் ஏற்றிய அன்றே கழுவ வேண்டும். நிறுத்தும்போது கொக்கிப் பக்கத்தைச் சற்றுத் தூக்கி நிறுத்தினால் தண்ணீர் பின்கதவு வழியே ஓடிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வடிகால் துளை. நான்கு மூலையிலும் அரை அங்குலத் துளை, சேனலின் தாழ்ந்த இடங்களில் இன்னும் இரண்டு. ஏரி வெட்டிக் கலங்கல் வைக்காமல் விட்ட ஊர் எதுவும் நம் பக்கத்தில் இல்லை. டிரெய்லர் பெட்டிக்கும் அதுவே நியாயம். நெல் சிந்தும் என்ற பயம் இருந்தால் ரப்பர் அடைப்பு வைத்து, நெல் இறக்கியதும் பிடுங்கிவிடலாம். 1942இல் ஜீப் டிரெய்லருக்கு வைத்த மூடி இதேதான்.

அரிமானம் பற்றிய அறிவுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் இரும்புத் துண்டுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள் அவர்கள். டிராக்டருக்கும் கருவிகளுக்கும் மானியம் வழங்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆள் இருக்கிறது. இரு தரப்பும் சேர்ந்து, டிரெய்லர் பட்டறைகளுக்கென்று தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த பிரைமர், எங்கே துளை, எப்படி வெல்டிங், எந்தப் புகை ஆபத்து என்ற நான்கு செய்திகள் அதில் போதும். பட்டறைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

அதுவரை, இந்த ஐப்பசி மழை தொடங்கும் முன், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் டிரெய்லருக்கு அடியில் ஒருமுறை குனிந்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகடு சேனலைத் தொடும் கோட்டை முழுநீளமும் தட்டிப் பாருங்கள். பெட்டியின் மூலையில் துளை இருந்தால் அதில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டு, மறுபக்கம் வருகிறதா என்றும் பாருங்கள்.